மல்லி மஞ்சளாகுது, மூணு மருந்து அடிச்சும் கேக்கல. யார்கிட்ட கொண்டு போய்க் காட்டுறது?

விளாச்சேரி செல்வி
செப்டம்பர் 14, இரவு 9:20

எல்லாருக்கும் வணக்கம். நம்ம வீடு விளாச்சேரி பக்கம் புது ப்ளாட்ல. காம்பவுண்டு உள்ள ரெண்டு மதுரை மல்லி நிக்குது. ஒண்ணு உசிலம்பட்டியில தங்கச்சி வீட்டுப் பதியன், சுவரோரமா வச்சு மூணு வருஷம் ஆச்சு. இன்னொண்ணு டெம்போவுல செடி வித்துட்டு வந்தவர்கிட்ட பையோட வாங்கினது. அது பின்பக்கம் கத்திரிப் பாத்திக்குப் பக்கத்துல இருக்கு.

ரெண்டும் ஆடி மாசத்துலேருந்து மஞ்சளடிக்குது. போன சித்திரையில தினம் ரெண்டு மொழம் கட்டுற அளவுக்குப் பூத்துச்சு. இப்ப சாமி படத்துக்கு வைக்கவே பத்தல.

மருந்துக் கடைக்கு ஒரு கொத்தை ஒடிச்சுக் கொண்டு போனேன். கல்லாவுல இருந்தவர் இலையைக் கையில வாங்கக்கூட இல்ல. "மஞ்சளா? இதை அடிங்க"ன்னு ரெண்டு பாட்டில், ஒரு பாக்கெட். பூச்சிக்கு ஒண்ணு, பூஞ்சாணத்துக்கு ஒண்ணு, டானிக் ஒண்ணு. 740 ரூபா. மூணையும் ஒரே வாளியில கலக்கச் சொன்னார். அடிச்ச மூணாம் நாள் கொழுந்து நுனியெல்லாம் தீஞ்சு போச்சு, மஞ்சள் மட்டும் அப்படியே இருக்கு. மாமியார் கண்ணு பட்டுருச்சுன்னு மொளகா சுத்திப் போட்டாங்க. அதுல செடிக்கு ஒண்ணும் ஆகல, எனக்குத்தான் இருமல்.

வீட்டுக்கு வந்து பாத்துச் சொல்றவங்க யாராச்சும் இருக்காங்களா? இல்ல எங்க கொண்டு போகணும்? ரெண்டு செடிக்காக யாரு மெனக்கெடப் போறான்னும் தோணுது.


வேம்பு மைந்தன்
செப்டம்பர் 14, இரவு 9:41

வேப்பெண்ணெய் லிட்டருக்கு 5 மில்லி, கொஞ்சம் காதி சோப்பு. வெயில் தாழ அடிங்க. எல்லாத்துக்கும் கேக்கும்.


மாடி மச்சான்
செப்டம்பர் 14, இரவு 10:05

அக்கா, இது மெக்னீசியம் பத்தாக்குறை. எப்சம் உப்பு ஒரு ஸ்பூன் போட்டுத் தெளிங்க. நான் அண்ணாநகர்ல மொட்டைமாடியில 60 தொட்டி வச்சிருக்கேன், எனக்குக் கேட்டுச்சு. போன்ல செடி டாக்டர் ஆப் இருக்கு, போட்டோ எடுத்தா அதுவே சொல்லிரும்.


கல்லுப்பட்டி கரிசல்
செப்டம்பர் 15, காலை 5:50

ஏம்ப்பா, அந்தம்மா செடியை இன்னும் ஒருத்தரும் கண்ணால பாக்கல. அதுக்குள்ள ரெண்டு மருந்து சொல்லியாச்சு. கடைக்காரனாவது காசுக்குச் சொன்னான்.

அந்த ஆப்பையும் நான் பாத்துட்டேன். எம் பையன் எங்க பருத்தி இலையை மூணு தடவை போட்டோ எடுத்தான். மூணு நோய் சொல்லுச்சு. ஒரே இலை!

செல்வி, போட்டோ போடும்மா. நம்ம ஏ.ஓ. ஐயா, வேளாண்மை அலுவலரா இருந்தவரு, இந்தப் பக்கம் வருவாரு, அவரு பாத்தா சொல்லிருவாரு.


ஏ.ஓ. தாத்தா
செப்டம்பர் 15, காலை 7:30

கூப்பிட்டதுக்கு வந்துட்டேன். 31 வருஷம் வேளாண்மைத் துறையில இருந்தேன். வட்டாரத்துக்கு வட்டாரம் மாத்தினாங்க, மஞ்சள் இலை மட்டும் என்னை விட்டதே இல்லை.

மஞ்சள் என்பது காய்ச்சல் மாதிரி அம்மா. காய்ச்சல்னு சொன்னா டாக்டர் எத்தனை நாளா, குளிர் இருக்கா, எந்தத் தண்ணி குடிச்சேன்னு கேப்பார் இல்லையா? நானும் கேக்குறேன். பொறுமையாப் பாத்து எழுதுங்க. போட்டோ அதுக்கு அப்புறம் போதும்.

முதல்ல, மஞ்சள் எந்த இலையில ஆரம்பிச்சது? நுனிக் கொழுந்துலயா, அடியில இருக்கிற முத்தின இலையிலயா? இதுதான் பாதி விடை. தழைச்சத்து, மெக்னீசியம் எல்லாம் செடிக்குள்ள நகரக் கூடியவை. பத்தாதப்போ செடி முத்தின இலையிலிருந்து உருவிப் பிள்ளைக்குக் கொடுத்துரும், அதனால அடியிலை மஞ்சளாகும். இரும்பு அப்படி நகராது. பத்தலைன்னா கொழுந்துதான் வெளுக்கும்.

ரெண்டாவது, இலை முழுக்க மஞ்சளா, இல்லை நரம்பு மட்டும் பச்சையா நின்னு நடுவுல மஞ்சளா?

மூணாவது, ஒரு வெள்ளைத் தாளை இலைக்கு அடியில பிடிச்சுக் கிளையைத் தட்டுங்க. தாளில் விழுந்த புள்ளி நகருதான்னு பாருங்க. நகர்ந்தா விரலால தேச்சுப் பாருங்க. செந்நிறமா இழுவினா சிலந்திப்பேன். இலை அடியில நூலாம்படை இருக்கும், மேலே வெளிர்ப் புள்ளி புள்ளியா இருக்கும். மொட்டு ஊதா நிறமாகி ஓட்டை விழுந்திருந்தா அது மொட்டுப்புழு, வேற கதை.

நாலாவது, எந்தத் தண்ணி? ஆழ்குழாயா, மாநகராட்சிக் குழாயா, லாரியா? அஞ்சாவது, செடி நிக்கிற இடத்துல வீடு கட்டும்போது என்ன இருந்தது? ஆறாவது, ரெண்டு செடியும் ஒரே மாதிரிதான் மஞ்சளா? ஒண்ணா நோகுதுன்னு எழுதியிருக்கீங்க, அதை நான் இன்னும் நம்பலை.

அந்த மூணு மருந்தையும் இனி தொடாதீங்க. பாட்டில்ல வைர வடிவக் கட்டத்துக்குள்ள ஒரு முக்கோணம் இருக்கும். அது சிவப்பா, மஞ்சளா, நீலமா, பச்சையான்னு பாத்துச் சொல்லுங்க. சிவப்புதான் கொடிய விஷம், பச்சை கடைசி.


விளாச்சேரி செல்வி
செப்டம்பர் 16, மாலை 6:45

ஐயா, ரொம்ப நன்றி. பரீட்சைக்குப் படிச்ச மாதிரி படிச்சுட்டுப் போய்ப் பாத்தேன்.

முக்கோணம் மஞ்சள். அதுக்கே வயித்தைக் கலக்குது, நான் கையுறைகூட போடாமத்தான் அடிச்சேன்.

சுவரோரச் செடி: கொழுந்துதான் மஞ்சள். நரம்பெல்லாம் பச்சையா கோடு போட்ட மாதிரி வலைப்பின்னலாத் தெரியுது. ஒண்ணு ரெண்டு கொழுந்து வெள்ளைத்தாள் மாதிரியே வெளுத்துருச்சு. அடியிலை நல்ல பச்சை. தாள்ல தட்டினேன், தூசியும் ஒரு எறும்பும்தான் விழுந்துச்சு.

பின்பக்கச் செடி: நீங்க சொன்னதுக்கு அப்புறம்தான் கவனிச்சேன், இது வேற மாதிரி இருக்கு. கொழுந்து, முத்தினதுன்னு வித்தியாசமில்லாம மொத்தமா சோகை பிடிச்ச மஞ்சள். இலை சின்னதாயிருச்சு. பன்னெண்டு மணி வெயிலுக்குத் தலையைத் தொங்கப் போடுது, காலையில தண்ணி ஊத்தியிருந்தாலும். சாயங்காலம் எந்திரிச்சிருது. பக்கத்துல ரெண்டு கத்திரியும் அதே மாதிரி.

தண்ணி ஆழ்குழாய்தான். கொதிக்க வச்சா பாத்திரத்துல வெள்ளையாப் படியும். சுவரோரத்தைப் பத்தி வீட்டுக்காரர்கிட்ட கேட்டேன். சிமெண்டுக் கலவை போட்ட இடமே அதுதானாம். மிச்ச ஜல்லி, உடைஞ்ச செங்கல் எல்லாம் அங்கயே தள்ளி மேல ரெண்டு டிராக்டர் கிராவல் அடிச்சு மூடிட்டாங்க. அது தெரியாம நான் மல்லி வச்சிருக்கேன்.


கல்லுப்பட்டி கரிசல்
செப்டம்பர் 16, இரவு 7:10

ஆக மல்லியைக் கட்டடத்துக்கு மேல நட்டிருக்கே.


ஏ.ஓ. தாத்தா
செப்டம்பர் 16, இரவு 8:30

இப்ப கதை பிடிபடுது. அவசரப்படாம ரெண்டு சோதனை பண்ணிட்டுப் பேசுவோம். காசு செலவில்லை.

சுவரோரச் செடிக்கு: வேர்ப் பக்கம் ஒரு சாண் ஆழத்து மண்ணை ஒரு கைப்பிடி எடுத்து உலர்த்துங்க. ஜல்லி, சிமெண்டுத் துண்டைப் பொறுக்கிப் போட்டுட்டு, வெறும் மண்ணை டம்ளர்ல போட்டு வினிகர் ஊத்துங்க. வீட்டுல வினிகர் இல்லைன்னா எலுமிச்சைச் சாறு. காதைப் பக்கத்துல வச்சுக் கேளுங்க. சுர்ருன்னு நுரை கட்டினா மண்ணுல சுண்ணாம்பு இருக்குன்னு அர்த்தம்.

பின்பக்கச் செடிக்கு: செடியைப் பிடுங்க வேண்டாம். பக்கத்துக் கத்திரி ஒண்ணைத் தியாகம் பண்ணுங்க. மண்வெட்டியால சுத்தித் தோண்டி மண்ணோட தூக்கி, வாளித் தண்ணியில அலசி, வேரைப் பாருங்க. இழுத்துப் பிடுங்கினா நாம பாக்க வேண்டியது மண்ணுக்குள்ளயே தங்கிரும். தண்டு அடியில குறுக்கா வெட்டி ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணியில நிறுத்தி வையுங்க. வெட்டுவாயிலேருந்து பால் மாதிரி இழை இறங்குச்சுன்னா அது பாக்டீரியா வாடல். இறங்கலைன்னா வேற.


விளாச்சேரி செல்வி
செப்டம்பர் 17, மாலை 5:30

ஐயா! நுரைச்சிருச்சு!

டம்ளர்ல வினிகர் ஊத்தினதும் சோடா பாட்டில் திறந்த மாதிரி சத்தம். ஓரமெல்லாம் வெள்ளையா நுரை கட்டி நின்னுச்சு. எதிர் மூலையில வேப்ப மரத்தடி மண்ணுல ஊத்தினேன், ஒரு சத்தமும் இல்ல. ஒரே வீட்டுக்குள்ள ரெண்டு மண்ணு.

கத்திரி வேரைப் பாத்து எனக்கு உடம்பு புல்லரிச்சிருச்சு. வேர் முழுக்க முடிச்சு முடிச்சா, பாசிமணி கோத்த மாதிரி. சிலது மிளகளவு, ரெண்டு மூணு சேர்ந்து இஞ்சித் துண்டு மாதிரி வீங்கியிருக்கு. நகத்தால தள்ளிப் பாத்தேன், உதிரல, வேரோட ஒட்டி வருது. டம்ளர்ல பால் எதுவும் இறங்கல, தண்ணி தெளிவா இருக்கு.

மல்லிப் பக்கமும் லேசா மண்ணைத் தள்ளி ஒரு வேரைப் பாத்தேன். சின்னச் சின்ன முடிச்சு இருக்கு.


ஏ.ஓ. தாத்தா
செப்டம்பர் 17, இரவு 9:00

நகத்தால தள்ளிப் பாத்தீங்களே, அதுக்கு ஒரு சபாஷ். அவரை, தட்டாம்பயறு வேருல இருக்கிற முடிச்சு நல்ல முடிச்சு, காத்துத் தழைச்சத்தைப் பிடிச்சுக் கொடுக்கும், தட்டினா உதிர்ந்துரும். உங்களது வேரே வீங்கினது. வேர்முடிச்சு நூற்புழு. கண்ணுக்குத் தெரியாத புழு, வேருக்குள்ள புகுந்து உக்காந்து உறிஞ்சும். வேர் அடைபட்டதால தண்ணி மேல ஏறாது, அதான் உச்சி வெயிலுக்குத் தொங்குது. இலைக்கு எந்த மருந்தை அடிச்சாலும் அதுக்குத் தெரியவே தெரியாது. எங்கேருந்து வந்திருக்கும்னு கேட்டா, டெம்போச் செடியோட பை மண்ணு மேலதான் எனக்குச் சந்தேகம். கத்திரி நாத்து வெளியில வாங்கியிருந்தா அதுவும்.

சுவரோரத்துச் செடிக்கு இரும்புச்சத்து பத்தலை. மண்ணுல இரும்பு இருக்கும். சுண்ணாம்பும் காரத்தன்மையும் அதைக் கட்டிப் போட்டுருக்கு, வேரால எடுக்க முடியலை. உங்க ஆழ்குழாய்த் தண்ணி தினம் அதுக்கு இன்னொரு பூட்டு போடுது.

ஒரே வீடு, ஒரே மல்லி, ஒரே மஞ்சள். நோவு ரெண்டும் வேற வேற. ரெண்டுமே பூச்சியும் இல்லை, பூஞ்சாணமும் இல்லை. எதுக்கு 740 ரூபா?

நான் சொல்றதை அப்படியே எடுத்துக்காம ஒத்தக்கடை வேளாண் கல்லூரியில உறுதி பண்ணிக்குங்க. படத்தையும் பேச்சையும் வச்சு நூற்புழுவைச் சத்தியம் பண்ணிச் சொல்ல மாட்டேன்.


மேலூர் ரோடு
செப்டம்பர் 17, இரவு 9:35

ஒத்தக்கடைக்குப் போங்கன்னு சொல்றது சுலபம் சார். நான் ஒரு தடவை ஒரு அலுவலகத்துக்கு எலுமிச்சை இலையைக் கொண்டு போனேன். உக்காந்திருந்தவர் தலையைத் தூக்காமலே "சிட்டா, அடங்கல் இருக்கா?"ன்னார். வீட்டுத் தோட்டம் சார், அரை சென்ட்டு இடம்னேன். "அப்ப தோட்டக்கலைக்குப் போங்க"ன்னார். அங்க போனா ஃபீல்டுக்குப் போயிருக்காங்க, அடுத்த வாரம் வாங்கன்னாங்க. இலை வாடி அப்பளமாயிருச்சு. ஏக்கர் கணக்குல வச்சிருக்கிறவனுக்குத்தான் நிபுணர், தொட்டி வச்சிருக்கிறவனுக்கு மருந்துக் கடைதான்.


கல்லுப்பட்டி கரிசல்
செப்டம்பர் 17, இரவு 9:50

ஏக்கர் கணக்குல வச்சிருக்கிறவனுக்கு மட்டும் என்ன தட்டுலயா கொண்டாந்து வைக்கிறான்? எங்களுக்கும் கடைக்காரன்தான் டாக்டர். கடன் குடுக்குறவன் குடுக்குற மருந்தைத்தான அடிக்கணும்.


யானைமலை
செப்டம்பர் 18, காலை 6:40

நான் இங்க வேளாண் கல்லூரியில கடைசி வருஷம் படிக்கிறேன். மேலூர் ரோடு அண்ணே சொன்ன மாதிரி நடக்கத்தான் செய்யுது, மறுக்கல. ஆனா சில விஷயம் தெரிஞ்சு வந்தா அலைச்சல் குறையும்.

யானைமலை அடிவாரத்துல இருக்கிற எங்க கல்லூரி 1965ல ஆரம்பிச்சது, கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்தோடது. கே.வி.கே.ன்னு சொல்ற வேளாண் அறிவியல் நிலையமும் இதே வளாகத்துலதான். மாட்டுத்தாவணியிலேருந்து மேலூர் போற டவுன் பஸ் எதுல ஏறினாலும் ஒத்தக்கடையில இறங்கலாம். பூச்சிக்குத் தனி, நோய்க்குத் தனி, மண்ணுக்குத் தனின்னு பிரிவு இருக்கு. எது என்னன்னே தெரியலைன்னா கே.வி.கே.யில முதல்ல கேளுங்க, அவங்க சரியான கதவைக் காட்டுவாங்க. வேலை நாள்ல காலையில வாங்க. மத்தியானத்துக்கு மேல வகுப்பு, வயல்னு ஆள் கலைஞ்சிரும்.

மாதிரி கொண்டு வர்றதுலதான் பாதிப் பேரு கோட்டை விடுறாங்க. ஒரு இலையைக் கிள்ளி சட்டைப் பையில வச்சுக் கொண்டு வருவாங்க. இலைன்னா நோவு தொடங்கின இலை, நடுத்தரமா நோவுற இலை, நல்ல இலைன்னு மூணும் வேணும், கிளையோட. செய்தித்தாளுக்கு நடுவுல வையுங்க. ஈரத்தோட பாலித்தீன் பையில கட்டினா வழியிலேயே அழுகி, எது செடியோட நோய், எது பையில வந்த பூசணம்னே தெரியாது. முழுக்கச் செத்த செடியைக் கொண்டு வராதீங்க, அதுல செத்ததுக்கு அப்புறம் வந்த பூசணம்தான் இருக்கும். பூச்சியா இருந்தா சின்ன டப்பாவுல உயிரோட.

செல்வி அக்காவுக்கு ஒரு தனிக் குறிப்பு. நூற்புழுவுக்கு எடுக்கிற மண்ணை உலர்த்தவே கூடாது. வேர்ப்பகுதியில ஒரு சாண் ஆழத்துலேருந்து கால் கிலோ ஈர மண்ணு, கொஞ்சம் சல்லிவேர், ரெண்டையும் பாலித்தீன் பையில கட்டி நிழல்லயே வச்சிருங்க. வெயில்ல வச்சா புழு செத்துரும், அப்புறம் புழு இல்லைன்னுதான் முடிவு வரும். சத்துப் பரிசோதனைக்கு எடுக்கிற மண்ணு நேர்மாறு, அதை நிழல்ல நல்லா உலர்த்தணும்.

வர முடியாதவங்க 1800-180-1551க்குக் கூப்பிடுங்க. உழவர் அழைப்பு மையம், காசு கிடையாது, காலை 6 மணியிலேருந்து ராத்திரி 10 வரைக்கும், தமிழ்லயே பேசலாம். 2004லேருந்து இருக்கு. சிட்டா கேக்க மாட்டாங்க. ஆனா "செடி மஞ்சளா இருக்கு"ன்னு மட்டும் சொன்னா அவங்களும் பொதுவா ஏதாவதுதான் சொல்ல முடியும். ஏ.ஓ. ஐயா கேட்ட ஆறு கேள்விக்கும் பதிலைக் கையில வச்சுக்கிட்டுக் கூப்பிடுங்க.


சோழவந்தான் தென்னை
செப்டம்பர் 18, காலை 10:15

குறுக்க வர்றதுக்கு மன்னிக்கணும். வீட்டுல ஆறு தென்னை. ஓலை அடியில வெள்ளை மாவு சுருள் சுருளா, கீழ ஓலையெல்லாம் கரி அப்பின மாதிரி. காருக்கு மேல பிசுபிசுன்னு விழுது. மரத்துல ஊசி மாதிரி மருந்து ஏத்தலாம்னு ஒருத்தர் மரத்துக்கு இவ்வளவுன்னு விலை பேசிட்டுப் போயிருக்காரு. பண்ணலாமா?


ஏ.ஓ. தாத்தா
செப்டம்பர் 18, மதியம் 1:20

பண்ணாதீங்க. அவரைத் திருப்பி அனுப்பிருங்க.

அது சுருள் வெள்ளை ஈ. 2016ல பொள்ளாச்சிப் பக்கம்தான் முதல்ல கண்டுபிடிச்சாங்க, அப்புறம் தமிழ்நாடு முழுக்கப் பரவிருச்சு. ஈ கழிக்கிற தேன் மாதிரிப் பிசின்மேல வளர்றது அந்தக் கரும்பூசணம். பாக்கப் பயமா இருக்கும், மரத்தைக் கொல்லாது. இந்த ஈயோட குஞ்சுக்குள்ள முட்டை வைக்கிற என்கார்சியான்னு ஒரு பொடிக் குளவி இருக்கு. ஓலை அடியில கறுத்துப் போன குஞ்சு தெரிஞ்சா குளவி வேலை செய்யுதுன்னு அர்த்தம். விஷ மருந்து அடிச்சா முதல்ல சாகிறது அந்தக் குளவிதான்.

மஞ்சள் நிறத் தாள்ல விளக்கெண்ணெய் தடவி மரத்துக்கு ரெண்டு கட்டுங்க. எட்டுற உயரம்னா தண்ணியை விசையா ஓலை அடியில பீச்சுங்க. கரி படிஞ்ச ஓலைக்கு மைதாவைக் கரைச்சுக் கஞ்சியாக் காய்ச்சி, லிட்டருக்கு 25 கிராம் கணக்குல தெளிங்க. காய்ஞ்சதும் பக்கு பக்கா உரிஞ்சு பூசணத்தையும் எடுத்துட்டு வந்துரும்.

இதுல நான் பிடிவாதமா இருக்கிறதுக்கு ஒரு காரணம் உண்டு. 2008ல கோயம்புத்தூர்ல பப்பாளி மாவுப்பூச்சி வந்தது. பப்பாளி, மரவள்ளி, மல்பெரி எல்லாம் மாவு கொட்டின மாதிரி வெளுத்து நின்னுச்சு. அடிக்காத மருந்து இல்லை. அந்த மெழுகு மாவைத் தாண்டி எதுவும் உள்ள போகலை. 2010ல போர்ட்டோ ரிக்கோவிலேருந்து மூணு வகை ஒட்டுண்ணிக் குளவியை வரவழைச்சாங்க. அதுல அசரோஃபேகஸ்னு ஒண்ணு கொசுவைவிடப் பொடிசு. டப்பா டப்பாவா வளர்த்துத் தோட்டத்துல விட்டாங்க. ரெண்டு வருஷமா நாங்க மருந்தைக் கலந்து கலந்து கை ஓய்ஞ்ச வேலையை அது சில மாசத்துல முடிச்சுக் கொடுத்துச்சு. அன்னைக்கிலேருந்து தெளிப்பானைத் தூக்குறதுக்கு முன்னாடி லென்ஸைத் தூக்குறேன். கடிகார ரிப்பேர்க் கடையில கண்ணுல மாட்டுவாங்களே, அந்தக் கண்ணாடி போதும்.


வேம்பு மைந்தன்
செப்டம்பர் 18, இரவு 8:00

அப்ப வேப்பெண்ணெய் வேஸ்டா ஐயா?


ஏ.ஓ. தாத்தா
செப்டம்பர் 18, இரவு 8:25

இல்லை தம்பி. அசுவினி, வெள்ளை ஈக்கு நல்ல மருந்து. சுண்ணாம்புக்கும் வேர்ப்புழுவுக்கும் இலையில அடிச்சா என்ன பண்ணும்?


விளாச்சேரி செல்வி
செப்டம்பர் 24, இரவு 9:10

ஒத்தக்கடைக்குப் போயிட்டு வந்தாச்சு. ரெண்டு பை, ஒரு செய்தித்தாள் கட்டு. பஸ்ல பக்கத்துல இருந்த பாட்டி கீரை விதையான்னு கேட்டுச்சு.

வேரைப் பாத்தவங்க ஒரு முடிச்சைப் பிளேடால கீறி லென்ஸுக்குக் கீழ வச்சு என்னையும் பாக்கச் சொன்னாங்க. உள்ள முத்து மாதிரி, குண்டூசித் தலையைவிடச் சின்னதா, பளபளன்னு வெள்ளையா ஒண்ணு. பெண் புழுவாம். இதுக்கா நான் இலை இலையா மருந்து அடிச்சேன்னு சிரிப்பும் வந்துச்சு, வயித்தெரிச்சலும் வந்துச்சு.

கத்திரியை வேரோட எடுத்து எரிக்கச் சொன்னாங்க, உரக்குழியில போடக் கூடாதாம். அந்த இடத்துல தக்காளி, வெண்டை, கத்திரி வேண்டாம். துலுக்கச் சாமந்தி நெருக்கமா நடணும். மல்லிக்கு வேப்பம் புண்ணாக்கும், தொழு உரத்துல கலந்து பேசிலோமைசிஸ்னு ஒரு நுண்ணுயிரும் போடச் சொன்னாங்க. புழுவை முழுசா ஒழிக்க முடியாது, அடக்கி வைக்கலாம்னு நேராவே சொல்லிட்டாங்க. அந்த மண்வெட்டியை நல்லாக் கழுவாம முன்பக்கச் செடிக்குக் கொண்டு போகாதீங்கன்னாங்க. நான் ரெண்டு பக்கமும் ஒரே மண்வெட்டிதான் வச்சிருக்கேன்!

சுவரோர மண்ணையும் சத்துப் பரிசோதனைக்குக் குடுத்திருக்கேன்.


மாடி மச்சான்
செப்டம்பர் 24, இரவு 9:40

மண்ணு எப்படி எடுத்தீங்க அக்கா? நானும் குடுக்கணும்.


விளாச்சேரி செல்வி
செப்டம்பர் 24, இரவு 10:00

மேல கிடக்கிற சருகைத் தள்ளிட்டு, வி மாதிரி குழி வெட்டி, அதோட பக்கச் சுவர்ல மேலேருந்து கீழ வரைக்கும் ஒரே சீரா சீவி எடுக்கணும். அரை அடி ஆழம். அஞ்சாறு இடத்துல எடுத்துக் கலந்து, தாள்ல பரப்பி நாலாப் பிரிச்சு, எதிரெதிர் ரெண்டு பங்கைத் தள்ளிரணும். அரை கிலோ வர்ற வரைக்கும் இப்படி. உரம் போட்டவுடனே எடுக்கக் கூடாது, உரச் சாக்குல கட்டக் கூடாது. தொட்டிக்கு எப்படின்னு தெரியல, தாத்தாதான் சொல்லணும்.


விளாச்சேரி செல்வி
அக்டோபர் 19, மாலை 4:30

மண்ணு ரிசல்ட் வந்துருச்சு. கார அமில நிலை 8.4. சுண்ணாம்பு அதிகம்னு போட்டிருக்கு. இரும்பு குறைவு. உப்பு நிலை பரவாயில்லை.


கல்லுப்பட்டி கரிசல்
அக்டோபர் 19, மாலை 5:15

ஜிப்சம் போடும்மா. எங்க ஊருல களர் நிலத்துக்கு அதுதான்.


ஏ.ஓ. தாத்தா
அக்டோபர் 19, இரவு 7:45

கரிசல், உங்க ஊருக்கு அது சரி, இங்க சரியில்லை. களர்னா மண்ணுல சோடியம் ஏறியிருக்கும். ஜிப்சத்துல இருக்கிற கால்சியம் அதைத் தள்ளிவிடும், மழைத் தண்ணியில வடிஞ்சிரும். செல்வி வீட்டு மண்ணுல கால்சியம் ஏற்கெனவே கொட்டிக் கிடக்கு. சுண்ணாம்பு மண்ணுக்கு ஜிப்சம் போட்டா கல்லுல கல்லைப் போட்ட கதை.

செல்வி, செடியைச் சுத்தி ஒரு அடி தள்ளி வட்டமா ஒண்ணரை அடிக்குத் தோண்டி, வர்ற ஜல்லியையும் கலவைக் கட்டியையும் எடுத்துருங்க. வேப்ப மரத்தடி மண்ணு நுரைக்கலைன்னு சொன்னீங்களே, அதையும் மக்கின தொழு உரத்தையும் பாதிக்குப் பாதி கலந்து நிரப்புங்க. கார்த்திகையில கவாத்து பண்ணும்போது சேர்த்துச் செஞ்சா வேருக்கு அலுப்பு குறைவு. நவம்பர் கடைசி வாரம், தரையிலேருந்து ஒண்ணரை அடி விட்டு வெட்டுங்க. கவாத்துக்கு அப்புறம் செடிக்குப் பத்து கிலோ தொழு உரம்.

இப்போதைக்கு இலை வழியா இரும்பு கொடுப்போம். நாட்டு மருந்துக் கடையில அன்னபேதின்னு கேளுங்க, இரும்பு சல்பேட்தான் அது. பச்சைக் கல்லா இருக்கணும், துருப்பிடிச்ச பழுப்புல இருந்தா வாங்காதீங்க, அது செடிக்கு உதவாது. லிட்டர் தண்ணிக்கு 5 கிராம், ஒரு சிட்டிகை எலுமிச்சை உப்பு. சாயங்காலம் கொழுந்து நனைய அடிங்க. மாசத்துக்கு ஒரு தடவை, பச்சை திரும்புற வரைக்கும். வெள்ளைச் சுவர்ல பட்டா கறை போகாது, சாக்கு மறைச்சுக்குங்க. வேருல ஊத்தாதீங்க, அந்தச் சுண்ணாம்பு அதையும் பூட்டிரும். வேருக்கே கொடுக்கணும்னா இரும்புச் செலேட்டுன்னு, மண்ணு இரும்பைப் பூட்டாம காக்குற உரம் இருக்கு, அதுல ஈ.டி.டி.எச்.ஏ.ன்னு போட்டது மட்டும்தான் இவ்வளவு காரத்துல தாங்கும், விலைதான் கூட. சாதாரண ஈ.டி.டி.ஏ. தாங்காது.

மழைத் தண்ணியை டிரம்முல பிடிங்க. ஐப்பசி மழையை ஓட விட்டுட்டு ஆழ்குழாயைத் திறக்காதீங்க.


மேலூர் ரோடு
அக்டோபர் 19, இரவு 8:30

அன்னபேதியா! எங்க ஆயா பல்லுக்கு மருந்து இடிக்க வாங்குவாங்க. சரி, நானும் எலுமிச்சையைத் தூக்கிட்டு இந்தத் தடவை நேரா கே.வி.கே.க்கே போறேன். செய்தித்தாள்ல சுத்தி.


விளாச்சேரி செல்வி
மார்ச் 9, காலை 8:15

ரொம்ப நாள் கழிச்சு எழுதுறேன். தோண்டினப்போ சுவரோரத்துலேருந்து மூணு சட்டி கலவைக் கட்டி வந்துச்சு, ஒரு கரண்டியும், மேஸ்திரியோடது. அன்னபேதி நாலு தடவை அடிச்சாச்சு. சுவர்ல ஒரு கறை, வீட்டுக்காரர் தினம் பாத்துப் பெருமூச்சு விடுறார். புதுத் துளிர் எல்லாம் பச்சை. இன்னைக்குக் காலையில முதல் பறிப்பு, ஒரு கைப்பிடி. மாட்டுத்தாவணி பூ மார்க்கெட் விலைக்கு எவ்வளவு வரும்னு மாமியார் கணக்குப் போட்டுட்டு இருக்காங்க.

பின்பக்கச் செடி தேறல. தை மாசம் எடுத்துட்டேன். அங்க இப்ப துலுக்கச் சாமந்தி.


மாடி மச்சான்
மார்ச் 9, காலை 9:00

சந்தோஷம் அக்கா. தாத்தா, எனக்கு ஒரு சந்தேகம். மாடியில நாலு கறிவேப்பிலை, எல்லாத்துலயும் இலை ஓரம் நுனியிலேருந்து காய்ஞ்சு பழுப்பாயிட்டே வருது. தொட்டி மேல்மண்ணுல வெள்ளையா உப்புப் பூத்திருக்கு. எப்சம் உப்பும் போட்டுப் பாத்துட்டேன், கேக்கல. ஆப் இலைக்கருகல்னு சொல்லுது.


ஏ.ஓ. தாத்தா
மார்ச் 9, காலை 9:20

தண்ணி எது?


மாடி மச்சான்
மார்ச் 9, காலை 9:25

ஆர்.ஓ. மெஷின்லேருந்து வெளிய வர்ற தண்ணி. வீணாப் போகுதேன்னு வாளியில பிடிச்சு ஊத்துறேன்.


ஏ.ஓ. தாத்தா
மார்ச் 9, காலை 9:40

குடிக்கிற தண்ணியிலேருந்து மெஷின் பிரிச்செடுத்த உப்பு மொத்தமும் அந்த வாளியிலதான் இருக்கு. அதுக்கு மேல நீங்க வேற எப்சம் உப்பு போட்டிருக்கீங்க. வாளியை வீடு துடைக்கக் கொடுத்துருங்க. இன்னைக்குச் சாயங்காலம் நல்ல தண்ணியைத் தொட்டி அடி ஓட்டை வழியா வடியிற மட்டும் மூணு தடவை ஊத்துங்க. ஓட்டை அடைச்சிருக்கான்னு முதல்ல பாருங்க. பத்து நாள் கழிச்சுப் புதுத் துளிரைப் போட்டோ எடுத்துப் போடுங்க, பழைய இலை வேண்டாம்.